கறிக்கோழிப் பண்ணைகளில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைக் குறைக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பல்லடம் வட்டாரக் கறிக்கோழி வளர்ப்போர் மற்றும் கால்நடை மருத்துவர்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: தீவன மூட்டையில் மருந்து விவரம், கிருமிச் சோதனை வசதி, மருந்து நிறுத்தக் காலம் – நடவடிக்கை வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம்.

கோழி நிறுவனங்களுக்காக ஒப்பந்த முறையில் வளர்க்கும்போது குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் நிறுவனத்துடையவை. கொட்டகை, தண்ணீர், உழைப்பு வளர்ப்பவருடையவை. அதனால் தீவனத்தில் வளர்ச்சிக்காக என்ன மருந்து கலந்திருக்கிறது என்பது வளர்ப்பவருக்குத் தெரிவதில்லை. நோய் பார்க்க வரும் மருத்துவருக்கும் தெரிவதில்லை. வளர்ச்சிக்காகக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே நிறுத்திவிட்டது. மனிதருக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை உணவுக்கான கால்நடை, கோழிகளுக்குப் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. மற்ற மருந்துகள் விஷயத்தில், ஒவ்வொரு மூட்டையிலும் மருந்தின் பெயரும் டன்னுக்கு எத்தனை கிராம் என்பதும், கலக்கவில்லை என்றால் 'இல்லை' என்பதும் தமிழில் அச்சிடப்பட வேண்டும்.

அடுத்தது குடிநீரில் கொடுக்கும் மருந்து. கிருமிகளுக்கு மருந்து கேட்காமல் போவதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. நோயுற்ற கோழி தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அதற்குப் போகும் மருந்தும் குறையும். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் நீரிலுள்ள கால்சியத்தோடு பிணைந்து, உடலில் சேராமல் வெளியேறிவிடும். சாவு குறைந்ததும் ஐந்து நாள் மருந்தை இரண்டாம் நாளே நிறுத்துவதும் நடக்கிறது. அரைகுறை அளவில் தப்பிய கிருமிதான் அடுத்த பேட்சுக்கும் (அடுத்து விடும் கோழிக் கூட்டத்துக்கும்) மிஞ்சுகிறது. அந்தத் தண்ணீரையே சரிசெய்தால் மருந்தின் தேவை வெகுவாகக் குறையும். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் முனையில் 2 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 2 முதல் 3 பங்கு) குளோரின் இருக்க வேண்டும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 8-ஐ எட்டிவிட்டால் குளோரினின் வீரியம் கால்பங்காகிவிடும். ஆகவே முதலில் அமிலம் சேர்த்து 6.5 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தடுப்பூசி மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் மட்டும் குளோரின் கூடாது. பேட்ச் முடிந்ததும் குழாயில் ஹைட்ரஜன் பெராக்சைடு நிறுத்தி, உள்ளே படிந்த வழவழப்பை அலசி எடுக்க வேண்டும். நிப்பிள் ஒழுகி, கொட்டகைத் தரையில் பரப்பிய நார்க்கழிவு நனைந்தால் அம்மோனியா கிளம்பும், மூச்சுக்குழாய் புண்ணாகும், ஈ.கோலை கிருமி புகும். இதற்கு மருந்து விடை ஆகாது. பண்ணைக் கிணற்று நீரை இலவசமாகச் சோதித்துத் தர ஏற்பாடு வேண்டும்.

உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தும், சோதனை செய்யாமல் ஊகத்தில் மருந்து கொடுப்பதே வழக்கமாக உள்ளது. பல்லடத்தில் ஒரு மாதிரி சேகரிப்பு மையம் போதும். மருந்து தொடங்கும் முன், சாகும் நிலையிலுள்ள அல்லது அப்போதுதான் இறந்த கோழிகளை ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். நேரம் கடந்த பிணத்தில் குடல் கிருமி ஈரல் வரை பரவி, முடிவு தவறாகிவிடும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற அறிக்கை மூன்று நாளில் வந்தால், கண்டதையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது நிற்கும்.

கடைசியாக மருந்து கொடுத்த நாளுக்கும் இறைச்சிக்குப் பிடிக்கும் நாளுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியே நிறுத்தக் காலம். அது பற்றிய விதி 2012 முதல் உள்ளது. லேபிளில் நிறுத்தக் காலம் குறிப்பிடாத மருந்து என்றால், இறைச்சிக்கு 28 நாள். ஏறத்தாழ 40 நாள் வாழும் கோழிக்கு, 12-ஆம் நாளுக்குப் பின் அதைக் கொடுக்கவே கூடாது என்றாகிறது. தொல்லை வருவதோ நான்காம், ஐந்தாம் வாரங்களில்! கோழி பிடிக்கும் தேதியையும் வளர்ப்பவர் முடிவு செய்வதில்லை. சந்தை விலை ஏறினால் லாரி முன்னதாகவே வந்துவிடும். எனவே லாரிச் சீட்டில் கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயர், தேதி, நிறுத்தக் காலம் மூன்றையும் எழுதுவது கட்டாயமாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இறைச்சிக் கடையில் வந்து பார்ப்பதைவிட இந்தச் சீட்டைப் பார்ப்பது பயன் தரும்.

மருந்துச் சீட்டு இல்லாமல் கோழி மருந்து விற்கும் கடைகளை மருந்துகள் ஆய்வாளர் தணிக்கை செய்யவும் வேண்டுகிறோம்.

கால்நடை பராமரிப்பு, மருந்து கட்டுப்பாடு, உணவுப் பாதுகாப்புத் துறைகளையும் நிறுவனப் பிரதிநிதிகளையும் ஒரே கூட்டத்தில் அழைத்து, மேற்கண்டவற்றுக்கு உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
பல்லடம்