ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

வீட்டுக்காரர் அடித்த எங்களவளின் வழக்கில் தீர்ப்பு வந்து நாலு நாள் ஆகிறது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுத மனசு வரவில்லை. அவள் விட்டுப்போன மஞ்சப்பையில் இருந்த காகிதங்கள்தான் கோர்ட்டில் அவளுக்காகப் பேசின. அவற்றைப் பேச வைத்தவர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை அண்ணன். முதல் நன்றி அவருக்கு.

பையில் பாதிக்கு மேல் தெர்மல் பேப்பர்: மருந்துக்கடை பில், ஸ்கேன் ரசீது, ஏ.டி.எம். சீட்டு. அந்தக் காகிதத்தில் மை கிடையாது, சூடு பட்டுத்தான் எழுத்து விழுகிறது. நாளானால் வெளுத்துப்போகும். பத்திரமாக இருக்கட்டுமே என்று லேமினேஷன் போடச் சொன்னதும் அண்ணன் பதறிப்போனார். மெஷின் சூட்டில் சீட்டு முழுக்கக் கறுத்துவிடுமாம். செல்லோ டேப்பும் ஒட்டக் கூடாது, பிளாஸ்டிக் கவரிலும் போடக் கூடாது, சாதாரணக் காகித உறைதான் நல்லது என்றார்.

வெளுத்த சீட்டுகளுக்கு டார்க்னெஸை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றினார். ஒரேயடியாக ஏற்றினால் பின்னணியும் கறுத்து எழுத்தை மூடிவிடும். அவள் இரண்டு பக்கமும் எழுதியிருந்த புகார் மனுவின் மேல் கறுப்புச் சார்ட் அட்டையை வைத்து எடுத்தார். மறுபக்க எழுத்து ஊடே தெரியவில்லை. ராத்திரி பத்தரை ஆகிவிட்டது. ஒரு காகிதத்தையும் அவர் படிக்கவில்லை. குப்புறக் கவிழ்த்தே வாங்கினார், நகலில் எழுத்து விழுந்திருக்கிறதா என்று ஓரத்தை மட்டும் பார்த்தார், கவிழ்த்தே கொடுத்தார். காசு வாங்கவில்லை. அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கோர்ட் அதைத்தான் முதலில் கேட்கும் என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

சட்ட உதவி வக்கீலம்மா, குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்களுக்கு உதவும் பாதுகாப்பு அலுவலர், 181 பெண்கள் உதவி எண்ணில் பேசிய சகோதரிகள், ஏ.ஆர். காப்பி (காயத்தோடு வருபவர் சொல்வதை ஆஸ்பத்திரியில் எழுதி வைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) கிடைக்க அலைந்த நர்ஸ், கூண்டேறிச் சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுப் பாட்டி, உங்கள் எல்லோருக்கும் கை கூப்புகிறோம்.

அந்த ஏ.ஆர். காப்பி அவளுடைய தைரியம். அரசு ஆஸ்பத்திரியில் காயம் எப்படி என்று கேட்டால் பலரும் படிக்கட்டில் விழுந்தேன் என்பார்கள். அடித்தவனே பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன சொல்வது? ஆனால் அந்த வரி பதிவேட்டில் ஏறிவிட்டால் எதிர்த்தரப்பு அதை வைத்தே வழக்கை உடைக்கும். அவள் 'வீட்டுக்காரர் கட்டையால் அடித்தார்' என்று சொல்லி எழுத வைத்திருந்தாள்.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன்படி பாதிக்கப்பட்ட பெண் நிவாரணம் கேட்டுப் போடும் 12-ஆம் பிரிவு மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க மாஜிஸ்திரேட் முயல வேண்டும். நடப்பில் வாய்தா மேல் வாய்தா. அதற்குள் காகிதம் வெளுத்துவிடுகிறது. அதனால் இனி மனுப் போட வரும் எந்தப் பெண்ணுக்கும் அவள் பேரில் மூன்று செட் நகல் எங்கள் செலவு. ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று பாதுகாப்பு அலுவலருக்கு, ஒன்று வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருத்தரிடம். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், சண்டையில் முதலில் கிழிபடுவது வீட்டில் இருக்கும் காகிதம். போலீஸில் புகார் கொடுத்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.

கடை ராத்திரி ஒன்பது வரை. காகிதத்தைக் குப்புறப் பிடித்து நீட்டினால் போதும், அண்ணன் எதுவும் கேட்க மாட்டார்.