‘படம்: இணையம்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவர் பெயர் தடித்த எழுத்தில் வருகிறது. அதே பக்கத்தில் படத்துக்குக் கீழே பல சமயம் ‘படம்: இணையம்’ என்று இரண்டே சொற்கள். காட்சித் தொடர்பியல் படிக்கும் எனக்கே போன மாதம்வரை அது உறுத்தியதில்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டில் சுவரொட்டிப் பயிற்சி ஒன்றுக்காக இணையத்திலிருந்து ஒரு கடற்கரைப் படத்தை எடுத்தேன். வலது மேல் மூலையில் எடுத்தவரின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. ஃபோட்டோஷாப்பில் பக்கத்து மேகத்தை நகலெடுத்து அதன்மேல் ஒற்றினேன். அரை நிமிட வேலை. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே மேகம் அடுத்தடுத்து இரண்டு முறை தெரியும். யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

போன மாதம் என் முறை வந்தது. நான் எடுத்த முதியவர் ஒருவரின் படம், முகம் தெரியாத யாரோ ஒருவரின் சமூக ஊடகப் பக்கத்தில் கிடந்தது. தேடுபொறியின் கண்ணில் படாமலிருக்க இடவலமாகத் திருப்பியிருந்தார்கள். சட்டைப் பை வலது மார்புக்குப் போய்விட்டிருந்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, ‘நிறைய மாற்றியிருக்கிறேன், இனி இது என் படம்’ என்று பதில் வந்தது. கோபம் வந்தது. கூடவே அந்த மேகமும் நினைவுக்கு வந்தது.

வகுப்பில் படத் திரிப்பு ஒரு பாடம், காப்புரிமை இன்னொரு பாடம். முதலாவதில் நேஷனல் ஜியாக்ரஃபிக் 1982-இல் அட்டைப்படத்துக்காகப் பிரமிடுகளை நெருக்கி வைத்ததையும், 2003-இல் ஈராக் போரில் இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டிய புகைப்படக்காரரை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வேலையை விட்டு நீக்கியதையும் படிக்கிறோம். எல்லாம் பெரிய பொய்கள். ஆனால் அன்றாடம் எங்கள் கை முதலில் அழிப்பது மூலையில் இருக்கும் பெயரைத்தான். அங்கே இரண்டு பாடமும் ஒன்றாகிவிடுகின்றன. எடுத்தவர் தன் விவரத்தைக் கோப்புக்குள்ளேயே பதித்து வைத்தாலும், பல சமூக ஊடகங்கள் பதிவேற்றும்போதே அதை உதிர்த்துவிடுகின்றன.

‘மாற்றினால் என்னுடையது’ என்ற வாதம் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸைப் புகைப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் படம் எடுத்தார். அதைப் பார்த்து ஓவியம் செய்ய 1984-இல் ஓர் இதழ் 400 டாலர் கொடுத்து, ஒரே ஒரு முறைக்கு அனுமதி வாங்கியது. செய்தவர் புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோல்; அவர் அதோடு நிற்காமல் அதே படத்தை வைத்து ஓர் ஓவிய வரிசையே உருவாக்கினார். பிரின்ஸ் இறந்த 2016-இல் அவற்றில் ஒன்று ஓர் இதழின் அட்டையில் வந்தபோது வார்ஹோல் அறக்கட்டளைக்குச் சுமார் பத்தாயிரம் டாலர் போனது. கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. அந்த அட்டைப் பயன்பாட்டைப் பொறுத்தவரை, 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வார்ஹோலுக்கே அந்தக் கதி என்றால், படத்தை இடவலமாகத் திருப்பியவர் எம்மாத்திரம்!

பெயர் போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாகிவிடாது என்பதும் எங்களில் பலருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகவே கேட்கிறேன்: எடுத்தவர் யாரென்று தெரியாத படத்தை விட்டுவிடுங்கள். படமில்லாத கட்டுரையையும் நாங்கள் படிப்போம். யாரும் பயன்படுத்தலாம் என்று எடுத்தவரே முன்கூட்டி அனுமதி தந்த, பொது உரிமத்தில் கிடைக்கும் படமானாலும் பெயரைப் போடுங்கள். அந்த உரிமங்களில் பெரும்பாலானவை கேட்பதே அதைத்தான். இணையம் ஒருநாளும் கேமராவைத் தூக்கியதில்லை.

அந்தக் கடற்கரைப் படத்தை எடுத்தவருக்கு எழுதலாம் என்று போன வாரம் தேடினேன். மூலக் கோப்பை அன்றே அழித்திருக்கிறேன். என்னிடம் மிச்சமிருப்பது இரட்டை மேகம் உள்ள படம்தான்.

இப்படிக்கு,
காட்சித் தொடர்பியல் மாணவி