முற்றத்துக்கு வந்து பணம் அனுப்பு

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அண்ணனுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். பேரப்பிள்ளைகளோடு ஒன்பது பேராக அரையாண்டு விடுமுறைக்கு இங்கே வருகிறீர்கள் என்ற பகுதியை இவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "நம் வீட்டில் தங்காமல் எதற்கு வெளியே அறை?" என்று இவர் கேட்டார். ஒன்பது பேர் வந்தால் எனக்கு வேலை கூடிவிடும் என்று நீ நினைத்திருப்பாய். சரி, கானாடுகாத்தானில் அறை போட்டாலும் மதியச் சாப்பாடு இங்கேதான். அதில் மாற்றம் கிடையாது.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. ஊருணி நிறைந்து படிக்கட்டில் மேலே நாலு படிதான் தெரிகிறது. பிள்ளையார் நோன்பும் நெருங்குகிறது. திருக்கார்த்திகையிலிருந்து நாள் எண்ணிக்கொண்டு வருகிறேன். 21 இழையில் திரி செய்து, மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூட நாளில் எங்கள் வீட்டு வளவில், அந்த உள்முற்றத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு நீ பயந்துபோய் என் கையைப் பிடித்தாய், நினைவிருக்கிறதா? நீங்கள் வரும் நாளும் நோன்பும் சேர்ந்து அமைந்தால் உன் பேத்திக்கும் காட்டலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "தங்குகிற வீட்டில் வைஃபை இலவசமாம். யாரும் நெட் பேக் போட வேண்டாம், மீதி வாடகை, பேரனின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் அங்கிருந்தே கட்டிவிடலாம் என்று மருமகன் சொல்கிறார்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நெட் பேக் கட்டாயம் போட்டுக்கொண்டு வா. ஏன் என்று சொல்கிறேன்.

போன மே மாதம் நாங்களும் என் நாத்தனார் குடும்பமும் ஒரு மலையூருக்குப் போயிருந்தோம். எந்த ஊர், எந்த விடுதி என்பது வேண்டாம். வரவேற்பில் ஒரு சின்ன அட்டையில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் எழுதிக் கொடுத்தார்கள். நாத்தனாரின் அறை மூலையில் இருந்ததால் அங்கே அது எட்டவில்லை. போனில் தேடினால் அதே பெயர், கடைசியில் 2 என்று ஒரு எண், பூட்டுக் குறி இல்லை. இதுவும் விடுதியுடையதுதான் என்று தொட்டுவிட்டார். உடனே ஒரு பக்கம் திறந்தது. மேலே விடுதியின் படம், கீழே "கூகுள் கணக்கில் நுழையவும்" என்று இரண்டு கட்டங்கள். மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் போட்டார். இணையம் வந்தது. பேத்திக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய சித்தப்பா கூப்பிட்டார். "ஆஸ்பத்திரியில் யாரம்மா, இப்போது எப்படி இருக்கிறது? நேற்றே 15,000 அனுப்பிவிட்டேனே, கிடைத்ததா?" என்றார். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய மின்னஞ்சலிலிருந்தே, அவர் பெயரிலேயே, இரவோடு இரவாக இருபது முப்பது பேருக்குப் பணம் கேட்டுக் கடிதம் போயிருந்தது. வயசான மனுஷர், பாசத்தில் யோசிக்காமல் அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் கையிலிருந்த இட்லியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு அழுத அழுகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வரவேற்பில் போய்க் கேட்டால், "எங்கள் வைஃபை ஒன்றே ஒன்றுதான் அம்மா, 2 என்று எதுவும் எங்களிடம் இல்லை" என்றார்கள்.

என் போனைக் கொடுத்துக் கடவுச்சொல்லை மாற்ற வைத்தேன். மற்றச் சாதனங்களிலிருந்து எல்லாம் வெளியேறச் சொல்லும் இடம் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது, அதையும் அழுத்தினோம். கடவுச்சொல்லோடு போனிலும் உறுதி கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை அன்றுதான் போட்டார். அது முன்பே இருந்திருந்தால் கடவுச்சொல் மட்டும் கிடைத்தவனால் அவ்வளவு எளிதாக உள்ளே வந்திருக்க முடியாது. சித்தப்பாவை இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடச் சொன்னோம். ஆனால் அதற்குள் பணம் கைமாறிவிட்டது.

பிறகு அந்தப் பக்கத்தின் படத்தை நாத்தனாரின் மகன் எனக்குக் காட்டினான். முகவரி இருக்கும் இடத்தில் கூகுள் என்ற சொல்லே இல்லை. வெறும் எண்களும் நடுவில் புள்ளிகளும்தான். பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பிரயாணக் களைப்பில், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, யார் பார்ப்பார்கள்? அதனால்தான் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உனக்கு இவ்வளவு விளக்கமாக எழுதக் காரணம், நம் செட்டிநாட்டு வீடுகளில் இந்த ஏமாற்று இன்னும் சுலபமாகச் செல்லும். சுவர்கள் எவ்வளவு தடிமன் என்று உனக்குத் தெரியும். முகப்பில் ஒரு வைஃபை பெட்டி வைத்தால் வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் செத்துவிடும். அதனால் வீட்டை விடுதியாக்கியவர்கள் கட்டுக்குக் கட்டு ஒரு பெட்டி வைத்து 1, 2, 3 என்று பெயர் போட்டிருப்பார்கள். நடுவில் எவனோ ஒருவன் 4 என்று ஒன்றை நுழைத்தால் யாருக்கும் சந்தேகமே வராது. போய் இறங்கியதும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சரியான பெயர்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள். அதில் இல்லாத பெயரைப் பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது.

இந்தியாவில் பொது வைஃபையில் நுழையப் பெரும்பாலும் போன் எண் கேட்டு ஓடிபி அனுப்புவார்கள். நீங்கள் பல்லவன் ரயிலுக்குக் காத்திருக்கும்போது எழும்பூர் ஸ்டேஷனில் ரயில்வயர் என்று ஒரு வைஃபை தெரியும், அதுவும் இப்படித்தான். முதல் 30 நிமிஷம் இலவசம். ஜிமெயில் கடவுச்சொல்லோ, அட்டை எண்ணோ, ஆதாரோ கேட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடு. ஓடிபி வந்தாலும் எண்ணை மட்டும் பார்க்காதே, அந்தச் செய்தியை முழுக்கப் படி. வைஃபைக்கு என்றுதான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நுழைய என்றோ, இத்தனை ரூபாய் செலுத்த என்றோ இருந்தால், உன் எண்ணை வைத்து வேறு எவனோ வேறு எதையோ திறக்கிறான் என்று அர்த்தம்.

மருமகன் படித்தவர். "இப்போதெல்லாம் எல்லாத் தளமும் குறியாக்கத்தோடுதான் வருகிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்வார். அவர் சொல்வதில் பாதி சரி. 2010ல் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு ஒரு நீட்சி வந்தது. திறந்த வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் ஃபேஸ்புக்கில் இருந்தால், ஓரிரு சொடுக்கில் அவர் கணக்குக்குள் போய்விடலாம். இந்த ஓட்டையை உலகத்துக்குக் காட்டத்தான் அதை வெளியிட்டார்கள். அதன் பிறகு பெரிய தளங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்க முறைக்கு மாறின. இன்று நீ வங்கித் தளத்தில் எழுதுவதை நடுவில் இருப்பவன் சும்மா உட்கார்ந்து வாசிக்க முடியாது. அதுவரைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சில உலாவிகளில் தள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுக் குறி, வழி மூடியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். வழியின் அந்தக் கோடியில் இருப்பவன் நல்லவனா என்று அதற்குத் தெரியாது. போலித் தளமும் பூட்டோடு வரலாம். நாத்தனார் கடவுச்சொல்லை யாரும் ஒளிந்திருந்து திருடவில்லை. அவரே கையால் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு நடப்பது இதுதான், எனக்குப் பயமும் இதில்தான்.

எங்கள் அப்பத்தா நினைவுக்கு வருகிறார். திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், வழிப்போக்கர்கூடத் தலை சாய்க்கலாம், தண்ணீர் கேட்டால் கொடுப்பார். வளவுக்குள் வருகிறவர்கள் வேறு. பெட்டகச் சாவி மட்டும் ராத்திரி தூங்கும்போதும் அவர் இடுப்பிலேயே இருக்கும். பொது வைஃபையை நான் அந்தத் திண்ணையாகத்தான் பார்க்கிறேன். பிள்ளைகள் வீடியோ பார்க்கட்டும், அண்ணன் செய்தி படிக்கட்டும், நீ ஆத்தங்குடிக்கு வழி பார். அதெல்லாம் திண்ணைக் காரியம். வாடகை, பள்ளிக் கட்டணம், வங்கி, புதிதாகக் கடவுச்சொல் போடுவது எல்லாம் பெட்டகத்துக் காரியம். அதற்கு வைஃபையை அணைத்துவிட்டு உன் சொந்த டேட்டாவில் வா.

அறைக்குள் டவர் கிடைக்காதே என்று கேட்பாய். கிடைக்காதுதான், சுவர் அப்படி. வளவு முற்றத்துக்கு வந்து நில். மேலே வானம் திறந்திருக்கிறது, எங்கள் வீட்டில் அங்கே வந்துவிட்டால் சிக்னல் பிடிக்கும். நான் இப்போதும் மின்கட்டணம் கட்ட முற்றத்துத் தூண் பக்கம்தான் போகிறேன். மருமகன் டேப்லெட் வைத்திருந்தால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடு, அதற்கு நீளமான கடவுச்சொல் வை.

விபிஎன், அதாவது நம் இணையப் போக்குவரத்தைக் குறியாக்கி வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்பும் செயலி, போட்டுக்கொள்ளலாமா என்று மருமகன் அடுத்து கேட்பார். காசு கொடுத்து நல்ல நிறுவனத்திடம் வாங்கியது இருந்தால் போடட்டும். இலவசமாக வருவதை இறக்க வேண்டாம். விடுதி வைஃபைக்காரரை நம்பாமல், யாரென்றே தெரியாத ஒருவனிடம் போக்குவரத்து முழுவதையும் கொடுப்பதில் என்ன பாதுகாப்பு? நாலு நாள் விடுமுறைக்கு உன் டேட்டாவே போதும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, கிளம்பும் அன்று எல்லார் போனையும் வாங்கி, விடுதி வைஃபை பெயரைத் தொட்டு "மறந்துவிடு" என்று கொடுத்துவிடு. போன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபை என்றால், அதே பெயரில் வேறெங்காவது ஒன்று தெரிந்தாலும் உன்னைக் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும். எழும்பூர் ஸ்டேஷன் பெயரையும் சேர்த்து மறக்கச் சொல். அப்புறம், வரவேற்பில் இருக்கும் கம்ப்யூட்டரில் டிக்கெட் அச்செடுக்க உன் மின்னஞ்சலைத் திறக்காதே, வீட்டிலேயே அச்செடுத்துக்கொண்டு வந்துவிடு. தங்குபவர்களின் ஆதார் கேட்பார்கள். முதல் 8 எண்கள் மறைத்த ஆதார் ஆணையத் தளத்திலேயே கிடைக்கிறது, முதலில் அதைக் கொடுத்துப் பார்.

அத்தனை வருஷம் வங்கியில் இருந்தவள் என்பதால் இதையும் எழுதுகிறேன். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் தப்பும் வங்கித் தப்பும் இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்தால், வங்கியிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. நாமே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது நம்முடையது. சொன்ன பிறகு போவதை வங்கி ஏற்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்களை கவுன்ட்டரில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது நடந்தால் முதலில் வங்கிக்கும் 1930க்கும் கூப்பிடு, அடுத்து எனக்கு. எத்தனை மணியானாலும் சரி.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் இடத்துக்குப் பிள்ளைகளை நான் கூட்டிப்போகிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் வண்ணம் ஊற்றுவார்கள். பேத்தி கையிலும் ஒரு கரண்டி கொடுக்கச் சொல்லிக் கேட்கிறேன். கந்தரப்பமும் கும்மாயமும் செய்யத் தனியாகச் சாமான் வாங்கி வைத்துவிட்டேன். அண்ணனுக்கு இனிப்பு ஆகாது, அவருக்கு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும்.

பல்லவன் காரைக்குடி வந்து சேர ராத்திரியாகிவிடும். இரண்டு வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இவரும் ஸ்டேஷனுக்கு வருவார். திருச்சி தாண்டியதும் ஒரு வார்த்தை கூப்பிடு.

அன்புடன்,
உன் காரைக்குடிச் சிநேகிதி