படத்தில் தண்ணீர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் புரதங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். படமும் அழகு. ஆனால் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு ஒரு குறை. புரதமாகிய அமினோ அமிலச் சங்கிலியை ஹைட்ரஜன் பிணைப்புகள் (ஹைட்ரஜன் அணு வழியாக உண்டாகும் மெல்லிய ஈர்ப்புகள்) இழுத்து மடிக்கின்றன என்று எழுதி, அதோடு நிறுத்திவிட்டீர்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாடப்புத்தகங்களிலும் இதே கதைதான். புரதம் ஏதோ அந்தரத்தில் தொங்குவதுபோல வரைந்துவிடுகிறார்கள்.

மடியாமல் நீண்டு கிடக்கும் சங்கிலிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு, சுற்றியுள்ள தண்ணீரோடு. மடியும்போது அவற்றில் பலவற்றை விட்டுவிட்டுத் தனக்குள்ளேயே போட்டுக்கொள்கிறது. ஆக, அந்தக் கணக்கில் நிகர லாபம் பெரிதாக இல்லை. லியூசின், வேலின், ஃபினைல் அலனின் போன்ற அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள், அதாவது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள், எண்ணெய்த்தன்மை கொண்டவை. அவற்றை ஒட்டி நிற்கும் நீர் மூலக்கூறுகள் இஷ்டப்படி திரும்ப முடியாமல் ஓர் ஒழுங்கில் மாட்டிக்கொள்கின்றன. எண்ணெய்ப் பகுதிகள் உள்ளே ஒன்றுகூடினால் அந்த நீர் விடுபடுகிறது. மடிப்பில் பெரும்பங்கு இதற்குத்தான்.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சென் செய்த சோதனையை வகுப்பில் சலிக்காமல் சொல்வேன். ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியில் 124 அமினோ அமிலங்கள், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டிரண்டாகக் கோத்துக்கொள்ளும் டைசல்பைடு பிணைப்புகள் நான்கு. மடிப்பைக் குலைக்கும் யூரியாவில் போட்டு, அந்தப் பிணைப்புகளையும் ஒரு வேதிப்பொருளால் முறித்தால் நொதி குலைந்து செயலற்றுப்போகும். யூரியாவையும் அந்த வேதிப்பொருளையும் நீக்கிக் காற்றுப்பட விட்டால் பழையபடி மடிந்து வேலை செய்யத் தொடங்கும். எட்டு சிஸ்டீன்கள் ஜோடி சேர 105 வழிகள் இருந்தும் சரியான ஒன்றையே பிடிக்கும். அதே ஜோடி சேர்ப்பை யூரியா இருக்கும்போதே நடத்தினால்? பிணைப்புகள் கன்னாபின்னாவென்று விழும், நொதி அநேகமாக வேலையே செய்யாது. சுற்றியுள்ள திரவம் மாறினால் அதே சங்கிலிக்கு வழி தெரிவதில்லை. 1972-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அப்புறம், சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் அரிவாள் அணு நோயில், ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் வடிவமே கெட்டுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. ஹீமோகுளோபினில் உள்ள சங்கிலிகளில் பீட்டா எனப்படும் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருகிறது, அவ்வளவுதான். தனி மூலக்கூறின் மடிப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. உள்ளே ஒளிந்திருக்க வேண்டிய எண்ணெய்த்தன்மை வெளிப்பரப்பில் துருத்திக்கொண்டு நிற்பதுதான் சிக்கல். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் அதற்குத் தோதான ஒரு குழி திறக்கிறது. பக்கத்து மூலக்கூறின் வேலின் அதில் போய் அமர, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை உள்ளிருந்து நெம்பி வளைக்கின்றன. வளைவது சிவப்பணு, ஹீமோகுளோபின் அல்ல. இதற்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். தேர்வில் இதையே எழுதி மதிப்பெண்ணை விடும் பிள்ளைகள் ஏராளம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை