மாட்டிப் பார்த்தவனையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் பழைய கார் பாகம் வாங்கினேன், வேலை செய்யவில்லை, பணமும் திரும்பி வரவில்லை என்ற புகார்களைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறேன். வாங்கியவர் ஒன்று சொல்கிறார். விற்றவர் வேறொன்று சொல்கிறார். விற்பனைத் தளம் தன் விதிகளை எடுத்து நீட்டுகிறது. அந்தப் பாகத்தைக் கையில் வாங்கி, வண்டியில் மாட்டி, மீட்டர் வைத்துப் பார்த்த ஆளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் அந்த ஆள். கார் எலக்ட்ரீசியன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏசி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம், வயரிங் இவைதான் என் பிழைப்பு.

கஸ்டமர்கள் தாங்களே பாகத்தை வாங்கிக்கொண்டு வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட பழைய மாடலுக்கு, விபத்தில் நொறுங்கிய இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் பாகம், பெயர் தெரியாத புதுப் பாகத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் தப்பான பாகம், வரும்போதே செத்திருந்த பாகம், மாட்டிய பிறகு செத்த பாகம் மூன்றையும் 'பழுது' என்று ஒரே பெட்டியில் டிக் அடித்துப் புகார் அனுப்பிவிடுகிறார்கள். பாதித் தகராறு அங்கேயே முடிச்சு விழுந்துவிடுகிறது. மூன்றுக்கும் ஆதாரம் வேறு, பொறுப்பாளியும் வேறு.

ஓர் ஆல்டர்னேட்டர் கதையைச் சொல்கிறேன். பார்க்க அச்சு அசலாகப் பழையதைப் போலவே இருந்தது. போல்ட் துளைகள் சரி, புல்லி சரி, கப்ளரும் சேர்ந்தது. மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் சார்ஜ் விளக்கு அணையவே இல்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சாதாரணமாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். இது 12.4 காட்டியது. அதாவது பேட்டரிக்கு எதுவுமே ஏறவில்லை. விற்றவருக்குச் செய்தி அனுப்பினோம். 'உங்கள் மெக்கானிக் பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்து டயோடை எரித்திருப்பார்' என்று பதில் வந்தது. அவர் என்னைப் பார்த்ததும் இல்லை, வண்டியைப் பார்த்ததும் இல்லை. தளத்தைக் கேட்டால், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு, ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். வண்டி வேறு ஒரு பாகத்துக்காகக் காத்துக் கிடந்த நாட்கள் எல்லாம் அந்தக் கணக்கில் போய்விட்டன. கடைசியில் கஸ்டமர் என்னிடம்தான் கோபப்பட்டார். அவர் முன்னால் நின்ற ஒரே மனிதன் நான்தானே!

தப்பான பாகம் என்றால் தகராறே தேவையில்லை, நம்பரைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு பாகத்திலும் ஸ்டிக்கராகவோ வார்ப்பாகவோ பார்ட் நம்பர் இருக்கும். கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் உள்ளே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வேறாக இருக்கலாம். பழைய வகை ஆல்டர்னேட்டர் தானாக வோல்டேஜைப் பார்த்துக்கொள்ளும். புது வகை ஈசிஎம் சொல்படி கேட்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 'உங்கள் மாடலுக்குச் சேரும்' என்று விற்றவர் போனில் சொன்னது பிறகு காற்றோடு போய்விடும். வண்டியின் 17 இலக்க சேஸிஸ் நம்பரையும் கழற்றிய பாகத்தின் நம்பரையும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே அனுப்பி, 'சேரும்' என்ற பதிலை எழுத்தில் வாங்கிவிட்டால், சேராதபோது அவர் பின்வாங்க முடியாது. சேஸிஸ் நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்று வைத்த விதி அது. அப்படியும் பூஜ்யத்தை 'ஓ' என்று எழுதி அனுப்பிவிட்டு விற்றவரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஈசிஎம் விஷயத்தில் நான் பல தடவை விற்றவர் பக்கம் பேசியிருக்கிறேன். இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு, உள்ள வண்டியில் வேறு வண்டியின் ஈசிஎம்மை மாட்டினால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. சாவியோடு அது இணைக்கப்பட்டிருக்கும், புரோகிராம் செய்தாக வேண்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்பதால் மட்டும் அதைச் செத்த பாகம் என்று திருப்பி அனுப்புவது நியாயம் இல்லை. புரோகிராம் செய்ய வேண்டும் என்பதை விளம்பரத்தில் எழுதாமல் விற்றிருந்தால் அது வேறு கதை.

விற்பவர்களின் இன்னொரு பயத்தையும் சொல்ல வேண்டும். நல்ல பாகத்தை வாங்கி, அதை வண்டியில் வைத்துக்கொண்டு, தன் செத்த பாகத்தைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பும் ஆட்கள் உண்டு. அதனால்தான் விற்பவர்கள் பாகத்தில் பெயின்ட் பேனாவால் குறி வைக்கிறார்கள், சீல் ஒட்டுகிறார்கள். செய்யட்டும், தப்பே இல்லை. ஆனால் ஏசி கம்ப்ரஸரின் குழாய் வாய் மூடியில் சீல் ஒட்டிவிட்டு, 'சீல் உடைந்தால் ரிட்டர்ன் இல்லை' என்று எழுதுகிறார்களே, அந்த மூடியைக் கழற்றாமல் கம்ப்ரஸரை எப்படி மாட்டுவது? மாட்டாமல் பழுது என்று எப்படிச் சொல்வது? இந்த மாதிரி நிபந்தனையைத் தளங்கள் ஏற்றுக்கொள்ளவே கூடாது.

மிகச் சிக்கலானது மூன்றாவது வகை. பழைய கம்ப்ரஸர் ஜாம் ஆகி நின்றிருந்தால் அதன் உலோகத் துகள் ஏசி குழாய் முழுவதும் பரவியிருக்கும். சிஸ்டத்தைக் கழுவாமல், துகள் அடைத்த கண்டன்ஸரை அப்படியே விட்டு, ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரையும் மாற்றாமல் அடுத்த கம்ப்ரஸரை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்ச் சேரும். டர்போவும் அப்படித்தான். ஆயில் வரும் பைப் அடைத்திருந்தால் எந்த டர்போவும் தாங்காது. இங்கே விற்றவர் 'என்னென்ன செய்து மாட்டினீர்கள்?' என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் என் பில்லில் இருக்க வேண்டும். கழுவினேன், டிரையர் மாற்றினேன், இத்தனை மில்லி ஆயில் விட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். வெறும் 'ஏசி வேலை' என்று ஒரே வரியில் பில் போடும் சக தொழிலாளிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த பில்லை வைத்துக்கொண்டு கஸ்டமர் எங்கேயும் வாதாட முடியாது.

அப்புறம் லேபர். பாகத்தின் விலை திரும்பி வந்தாலும், மாட்டிய கூலி, கழற்றிய கூலி, மறுபடி மாட்டும் கூலி, வீணான ஏசி கேஸ் இதெல்லாம் யார் தலையில்? பெரும்பாலான விற்பனையாளர்கள் லேபருக்குப் பொறுப்பில்லை என்று எங்கேயோ சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். டேஷ்போர்டை முழுக்க இறக்கி மாட்ட வேண்டிய பாகத்துக்கு லேபர்தான் பாகத்தைவிட அதிகம். அதனால் மாட்டும் முன்பே சோதிக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தரையில் கிடத்தி, அசையாமல் கெட்டியாகப் பிடித்து, பேட்டரியும் ஜம்பர் கேபிளும் வைத்தால் சுற்றுகிறதா இல்லையா என்று உடனே தெரியும். ஆல்டர்னேட்டருக்கு டெஸ்ட் பெஞ்ச் இருக்கிறது. இன்ஜெக்டருக்கும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முடியாதுதான், முடிந்தவற்றுக்குச் செய்யலாமே. ஏர்பேக்கை இப்படிச் சோதிக்க வழியே இல்லை. பழைய ஏர்பேக்கை யார் கொண்டுவந்தாலும் நான் மாட்டுவதில்லை.

சோதித்த அன்றே தேதி, பார்ட் நம்பர், மீட்டர் காட்டிய அளவு, ஒரு போட்டோ, என் கடை முத்திரை இவற்றோடு ஒரு தாள் கொடுத்தால், அதை முதல் ஆதாரமாகத் தளங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும் ரிட்டர்ன் கடிகாரம் பழைய பாகத்துக்குப் பொருந்தாது. சோதித்த நாளிலிருந்து ஓடட்டும். யாரும் மாதக்கணக்கில் சோதிக்காமல் இழுத்தடிக்காதபடி அதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கட்டும். என் தாளில் நம்பிக்கை இல்லையா, விற்றவர் தன் செலவில் வேறொரு கடையில் சோதித்துக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை.

புகார் செய்ய இன்னொரு இணைய வாசலைத் திறந்தால் போதும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் அப்படி ஒன்றைத் திறந்தது. இணையத்தில் வாங்கிய எந்தப் பொருளுக்கும் அங்கே புகார் பதிய முடிந்தது. ஆனால் விற்றவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. பெரும்பாலான புகார்களுக்குப் பதிலே வராமல் அவை தானாக மூடிக்கொண்டன. 2025 ஜூலை 20 அன்று அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள். பதில் வராவிட்டால் பொருள் வாங்கியவருக்குப் பணம் திரும்பிவிடும் என்று ஒரு விதி இருந்தால்தான் புகாருக்குப் பல் முளைக்கும். அதற்கு விற்பனைத் தளம் பணத்தைக் கொஞ்ச நாள் தன் கையில் நிறுத்தி வைக்க வேண்டும்.

கார்டில் பணம் கட்டியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, பலர் அதை முயன்று பார்ப்பதே இல்லை. விசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி, பழுதான அல்லது சொன்னதற்கு மாறான பொருளுக்குப் பொதுவாக 120 நாள் வரை வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கோரலாம். முதலில் விற்றவரிடம் கேட்டதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும். விலை குறைத்துத் தருகிறேன், தளத்துக்கு வெளியே நேராகக் கணக்கில் போடுங்கள் என்று விற்றவர் சொல்லி, அப்படியே போட்டுவிட்டால் இந்த வழியும் கிடையாது, தளத்தின் பாதுகாப்பும் கிடையாது.

உங்கள் பத்திரிகையில் நுகர்வோர் புகார்களை வெளியிடும்போது, புகார் அனுப்புகிறவரிடம் பார்ட் நம்பர் தெரியும் போட்டோவும் மெக்கானிக் எழுதிய சோதனைத் தாளும் கேட்டு வாங்குங்கள். பழுதான பாகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்றும் ஒரு வரி போடுங்கள். என்னதான் ஆயிற்று பார்ப்போம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நெம்பிவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறார்கள். அதற்கு மேல் அது வரும்போதே கெட்டிருந்ததா என்று நானும் எழுதித் தர முடியாது.

இப்படிக்கு,
ஒரு கார் எலக்ட்ரீசியன்