ஒரே போர்டு போதுமா என்று கேட்டாயே

அன்புள்ள தம்பிக்கு,

ராக்கெட் பொழுதுபோக்கின் இரண்டாம் படிச் சான்றிதழான லெவல் 2-க்கு, கலிஃபோர்னியாவின் லூசெர்ன் வறண்ட ஏரியில் 4 அங்குல ஃபைபர்கிளாஸ் ராக்கெட்டை ஜே வகை மோட்டாரில் விடப்போவதாக எழுதியிருந்தாய். உயரம் பார்த்து, பாராசூட் திறந்து, விழுந்த இடத்தையும் சொல்லும் ஒரே போர்டாக வாங்கிவிடலாமா என்று கேட்டாய். வாங்கலாம், டெலிமெட்ரம் என்ற போர்டு மூன்றையும் ஒழுங்காகச் செய்யும். ஆனால் உன்னுடைய முதல் இரண்டு-பாராசூட் ராக்கெட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பாராசூட் திறக்கும் போர்டுக்கு ராக்கெட்டின் நடுவில், மின்கருவிகள் வைக்கும் அறையான ஏவி-பேயில்தான் இடம். அங்கே நீளவாக்கில் இரண்டு இரும்பு மரைத்தண்டுகள் போகும். ரேடியோ ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இணையாக இரும்பு நின்றால் சிக்னல் பாதியிலேயே செத்துவிடும். விழுந்த இடத்தைச் சொல்லும் டிராக்கருக்கு ஏற்ற இடம் மூக்குக்கூம்பு. ஃபைபர்கிளாஸ் ரேடியோ அலையைத் தடுக்காது. கார்பன் ஃபைபரும் உலோகத்தூள் கலந்த பெயின்டும் தடுக்கும், அதனால் அந்த வெள்ளிநிற ஸ்ப்ரேயை மறந்துவிடு. கூம்பின் நுனியில் அலுமினியம் இருந்தால் ஆன்டெனாவை அதிலிருந்து தள்ளியே வை.

டெலிமெட்ரம் 70 செ.மீ. அலைவரிசையில் பேசுவதால் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வேண்டும். அதன் முதல் படியான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. எப்படியும் எழுதி வை, உபயோகப்படும். இப்போதைக்கு ஃபெதர்வெயிட் ஜி.பி.எஸ். டிராக்கர் வாங்கு. அது 900 மெகாஹெர்ட்ஸில் போவதால் லைசென்ஸ் தேவையில்லை, தரையிலிருக்கும் ரிசீவர் புளூடூத் வழியாக உன் போனுக்கே இடத்தைக் காட்டும். ஏர்டேக் போட்டால் போதாதா என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. பக்கத்தில் யாருடைய ஐபோனாவது இருந்தால்தான் அது வாய் திறக்கும். பாலைவனத்தில் ஐபோனுக்கு எங்கே போவது?

டிராக்கர் ஏன் வேண்டும் என்பதற்குக் கணக்கைப் பார். 4,000 அடி உச்சி, மணிக்கு 15 மைல் காற்று, அதாவது நொடிக்கு 22 அடி. சின்னப் பாராசூட்டில் நொடிக்கு 75 அடியாக 600 அடி வரை இறங்கி, பிறகு பெரியது திறந்து 18 அடியாக வந்தால் மொத்தம் 79 நொடி. அரை கிலோமீட்டர் தள்ளிப் போகும். பெரியது உச்சியிலேயே திறந்துவிட்டால் 222 நொடி, ஒன்றரை கிலோமீட்டர். இது நடப்பது பெரும்பாலும் உச்சியில் சின்னப் பாராசூட்டை வெளியே தள்ளும் முதல் வெடியின் உதறலில் மூக்குக்கூம்பும் சேர்ந்து கழன்றுவிடுவதால். 2-56 அளவு மெல்லிய நைலான் திருகு மூன்றைச் சுற்றிலும் போட்டு கூம்பைப் பிடித்து வை, பெரிய பாராசூட்டின் வெடிக்கு அவை முறிந்து வழிவிடும்.

உயரம் பார்த்துப் பாராசூட் திறக்கும் போர்டான அல்டிமீட்டர் இரண்டு வேண்டும், வெவ்வேறு கம்பெனியுடையதாக. ஸ்ட்ராட்டோலாகர் சி.எஃப். ஒன்று, ஆர்.ஆர்.சி.3 ஒன்று. ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் ஒன்றை ஏமாற்றுவது மற்றதையும் ஏமாற்றும். ஒன்று உச்சியில் சுடட்டும், மற்றது ஒரு நொடி கழித்து. பெரிய பாராசூட்டுக்கு ஒன்று 600 அடி, மற்றது 500. இரண்டுக்கும் தனித்தனி பேட்டரி, தனித்தனி சுவிட்ச், வெடியைப் பற்றவைக்கத் தனித்தனி ஈ-மேட்ச். ஒரே பேட்டரியிலிருந்து இரண்டுக்கும் இழுத்தால் ஒன்றே ஒன்று வைத்திருப்பதற்குச் சமம். 9 வோல்ட் பேட்டரியை வெறும் கிளிப்பை நம்பி விடாதே, மேலே ஜிப்-டை போட்டு இறுக்கு. ராக்கெட் கிளம்பும்போது அது கீழ்ப்பக்கமாக இழுபடும் என்பதை நினைத்துப் படுக்க வை.

அல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்தே உயரம் பார்க்கும். அதற்காக ஏவி-பேயில் போடும் காற்றுத்துளையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 100 கன அங்குலத்துக்கு கால் அங்குலத் துளை ஒன்று என்பது வழக்கக் கணக்கு. உன் ஏவி-பே 8 அங்குலம் என்றாய், உள்விட்டம் 3.9, கொள்ளளவு 96 கன அங்குலம் வருகிறது. அந்தக் கால் அங்குலத்தை மூன்றாகப் பிரித்து 120 பாகை இடைவெளியில் போடு. ஒவ்வொன்றும் 9/64 அங்குலம். ஒரே துளை என்றால் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அழுத்தம் தப்பாகத் தெரியும். பிசிறை மணல்தாளால் வழித்துவிடு. சென்சார் துளைக்கு நேர் எதிரே வராமல் போர்டைத் திருப்பி வை, சில சென்சார்கள் நேர் வெயில் பட்டாலே அழுத்தத்தைத் தப்பாகப் படிக்கும். ஒயர் நுழையும் ஓட்டைகளையெல்லாம் ஹாட் குளூவால் அடை. வெடிப்புகை உள்ளே வந்தால் அளவு குழம்பும், சர்க்யூட்டும் அரித்துப்போகும்.

பாராசூட்டைத் தள்ளும் வெடிமருந்துக்கு (கருமருந்து) 0.006 × விட்டம் × விட்டம் × நீளம், எல்லாம் அங்குலத்தில், விடை கிராமில். 4 அங்குல விட்டம், 20 அங்குல அறைக்கு 1.9 கிராம். 2 போடு, மாற்று அல்டிமீட்டருக்கு 2.5. கணக்கை மட்டும் நம்பாதே. திருகு, பாராசூட் எல்லாம் போட்டு, பறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே தரையில் படுக்கவைத்து, தள்ளி நின்று ஒருமுறை சுட்டுப் பார். கூம்பு தயங்கித் தயங்கி வெளியே வந்தால் அரை கிராம் கூட்டி மறுபடியும் பார்.

அன்றைக்குச் செய்யவேண்டிய வரிசை இது. டிராக்கரை முதலில் ஆன் செய்து திறந்த வெளியில் வை. செயற்கைக்கோள்கள் போதிய அளவு பிடித்ததும் ஏவுமேடையின் இடத்தைக் குறித்துக்கொள். ராக்கெட் கம்பத்தில் நிமிர்ந்த பிறகே அல்டிமீட்டர், அதுவும் ஒவ்வொன்றாக. ஸ்ட்ராட்டோலாகர் மூன்று பீப் திரும்பத் திரும்பச் சொன்னால் இரண்டு ஈ-மேட்சும் சரி. ஒன்றோ இரண்டோ மட்டும் கேட்டால் ஏதோ ஓர் ஒயர் கழன்றிருக்கிறது, இறக்கிக் கொண்டுவா. இரண்டையும் சேர்த்து ஆன் செய்தால் எது எந்தப் பீப் என்று தெரியாது. மோட்டார் இக்னைட்டர் கடைசியில்.

மேலே ஏறும்போது ஜி.பி.எஸ். பிடி நழுவி எண் அப்படியே நின்றுவிடலாம், பதறாதே, பாராசூட்டில் தொங்கியதும் திரும்ப வரும். தரையில் விழுந்ததும் ரேடியோ எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். அதனால் விழுவதற்குச் சற்றுமுன் கடைசியாக வந்த இடமே உனக்கு ஆதாரம், அதை நோக்கி நட. கிட்டப் போனதும் சிக்னல் மறுபடி கிடைக்கும்.

வேறு டிராக்கரை யாரிடமாவது இரவல் வாங்கினால் எண் எந்த வடிவில் வருகிறது என்று கேட்டுக்கொள். 3429.70 என்று வந்தால் அது 34 பாகை 29.70 நிமிடம், அதாவது 34.495. அதையே 34.2970 என்று போனில் அடித்தாயானால் 22 கிலோமீட்டர் தெற்கே போய்த் தேடிக்கொண்டிருப்பாய்.

ராக்கெட்டைக் கண்டதும் கை வைக்காதே. நான்கு வெடியும் வெடித்ததா என்று குனிந்து பார். ஒன்று மிச்சமிருந்தாலும் குழாயின் வாய்ப்பக்கம் நிற்காமல் பக்கவாட்டிலிருந்து சுவிட்சுகளை அணைத்த பிறகே தூக்கு.

ஒயர் எல்லாம் மாட்டி முடித்ததும் ஏவி-பேயை மூடுவதற்கு முன்னால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று போட்டோ எடுத்து அனுப்பு. ஒவ்வொரு ஒயரையும் திருகிலிருந்து லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு எடு.

அம்மா