எச்.ஆர்.வி. எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைக்கடிகாரத்தில் எச்.ஆர்.வி. (ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) எண் குறைந்தால் மன அழுத்தம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு அறவே பொருந்தாது.

மூச்சை இழுக்கும்போது, இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து துடிப்பு வேகமாகும்; விடும்போது தணியும். எச்.ஆர்.வி.யில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. நாமாக மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்துக்கு ரத்தம் கூடுதலாக வரும். வென்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளுகிறது. அழுத்தம் ஏறி, திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. 'பீப்' அளவை (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் தக்கவைக்கும் அழுத்தம்) 5-லிருந்து 10 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு ஏற்றினால் இன்னும் குறையும்.

பலரும் ஏமாறும் இடம் வேறு. 1996-இல் வகுத்த சர்வதேச நெறிமுறைப்படி துடிப்பின் ஏற்ற இறக்கத்தில் 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அலை) வரையிலான அலைகள் வேகஸின் கணக்கில் சேரும். அதாவது நிமிடத்துக்கு 9 முதல் 24 மூச்சு. வென்டிலேட்டரை 12-இல் வைத்தால் 0.2 ஹெர்ட்ஸ், சரி. 8-க்குக் குறைத்தால் 0.13, மூச்சின் அலை 0.15-க்குக் கீழுள்ள பட்டைக்குள் போய்விடும். 'வேகஸ் தளர்ந்தது, சிம்பதெடிக் (துடிப்பைக் கூட்டும் நரம்பு மண்டலம்) ஏறியது' என்று கணினி சொல்லும். மாறியது வென்டிலேட்டர் செட்டிங் மட்டுமே.

ரத்த இழப்பு இன்னொரு பக்கம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 750 மி.லி. வரை போனாலும் படுத்த நிலையில் ரத்த அழுத்தம் பெரும்பாலும் இறங்காது. அதற்குள்ளேயே வேகஸ் பின்வாங்கி எச்.ஆர்.வி. சுருங்கத் தொடங்கலாம். ஆனால் ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்து, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து, வலி, காய்ச்சல் எல்லாமே அதைச் சுருக்கும். எண்ணை மட்டும் பார்த்து உள்ளே ரத்தம் கசிகிறது என்று சொல்வது தவறு.

சலைன் ஏற்றலாமா என்பதற்கு, தமனி அழுத்த அலை மூச்சுக்கு மூச்சு எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதே மேல். இந்த மாற்றம் 13 சதவீதத்தைத் தாண்டினால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நோயாளி தானாக மூச்சு இழுக்கக் கூடாது, துடிப்பு சீராக இருக்க வேண்டும், ஒரு மூச்சுக்கு கிலோவுக்கு 8 மி.லி. காற்றாவது போக வேண்டும். நுரையீரலைக் காக்க 6 மி.லி.யில் வைத்திருந்தால், ரத்த அளவு குறைவாக இருந்தும் இந்தச் சதவீதம் சிறியதாகவே தெரியக்கூடும். அப்போது கால்களை 45 டிகிரி உயர்த்தி, ஒரு நிமிடத்துக்குள் இதயம் வெளியேற்றும் ரத்தம் 10 சதவீதம் கூடுகிறதா என்று பார்க்கலாம்.

எச்.ஆர்.வி.யைக் குறிக்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு எண்ணிக்கை, காற்றின் அளவு, பீப், மயக்க மருந்து ஆகியவற்றைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். 5 நிமிடப் பதிவு முடியும்வரை அவற்றில் எதையும் மாற்றக் கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) உள்ளவர்களுக்கும், பேஸ்மேக்கர் துடிப்பில் இருப்பவர்களுக்கும் இந்த அளவீடே வேண்டாம்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள்